கால்களை மறந்த பக்தி

"மாதா கூட்டிக்கொண்டு போவாள், சாமி."

ஆடிக் காற்று ஓயும் நாட்களில் நம் கடற்கரைப் பங்குகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் சொற்கள் இவை. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்ல முதன்முறையாகப் பெயர் கொடுத்திருப்பவரிடம், இதற்கு முன் எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரவில் எங்கே தங்குவீர்கள், காலில் என்ன போட்டுக்கொள்வீர்கள், சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் இந்த ஒரே விடைதான் வரும். அந்த விடையைக் கேட்டு நெஞ்சம் நெகிழ்ந்து, தலைமேல் கை வைத்து, கொடியை மந்திரித்துக் கொடுத்து அனுப்பிவிடும் குருக்களில் நாமும் ஒருவராகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறோம். அவ்விடை விசுவாசத்திலிருந்து பிறப்பதாக அன்று எண்ணினோம். அது பெரும்பாலும் சோம்பலிலிருந்து பிறக்கிறது என்று இன்று சொல்லத் துணிகிறோம். நடப்பவரின் சோம்பல் பாதி. அனுப்புகிறவரின் சோம்பல் மீதி.

காயல்பட்டினத்து எல்லைக்குள் கொம்புத்துறையும் சிங்கித்துறையும் இருக்கின்றன. நம்மவர் வாழும் கடற்கரைச் சிற்றூர்கள். அங்கிருந்து புறப்படும் ஒருவர் தூத்துக்குடி சேர்வதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். பின்னர் வேம்பார், சாயல்குடி, கீழக்கரை, இராமநாதபுரம், தொண்டி, மணமேல்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி எனக் கிழக்குக் கடற்கரையை ஒட்டியே வழி நீள்கிறது. முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்று நிதானமாக நடந்தால் இரண்டு வாரம் பிடிக்கும். எட்டே நாட்களில் முடித்துவிட்டோம் என்று மார்தட்டும் குழுக்கள் உண்டு. எட்டு நாள் என்றால் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர். அதில் பாதியாவது இருட்டில். பழகிய கால்களுக்கே அது மிகை. கடைவீதிக்கு இருசக்கர வண்டியில் போய்ப் பழகிவிட்ட கால்கள் முதன்முறையாக இதைத் தாங்கும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறோம்?

நம் பங்கில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மா. கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்பவர். ஆகவே நடை தமக்குப் புதிதன்று என்று அவரும் நினைத்தார், நாமும் நினைத்தோம். மகளுக்குத் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்தால் வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்திருந்தார். பேரன் பிறந்தான். அவ்வாண்டே காவி உடுத்திக் கிளம்பினார். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கி வருகிறவர் என்பது நமக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவது எளிது. நாம் கேட்கவில்லை என்பதே உண்மை.

மூன்றாம் நாள், தார்ச்சாலைச் சூட்டில் உள்ளங்காலில் கொப்புளம் எழும்பி உடைந்தது. உடன் நடந்தவர்கள் இரத்தத்தைப் பார்த்துப் பதறியபோது, "வலியே இல்லை, மாதா வலியை எடுத்துவிட்டாள்" என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்டவர்கள் புதுமை என்று செபமாலை சொன்னார்கள். ஒருவர்கூட மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் நரம்புகள் மரத்துப்போவதுண்டு. முள் குத்தினாலும் தெரியாது, தீக்கனல் பட்டாலும் தெரியாது. வலி இன்மை அங்கே புதுமையன்று, நோய் முற்றியதன் அடையாளம். அவர் திருத்தலம் சேர்ந்தார், நேர்ச்சையை நிறைவேற்றினார், திரும்பி வந்தபின் இரண்டு விரல்களை இழந்தார். ஓராண்டுக் காலம் கூடை எடுக்க முடியவில்லை. அவர் மாதாவையும் குறை சொல்லவில்லை, நம்மையும் குறை சொல்லவில்லை. அதனாலேயே அந்தப் பாரம் நம்மைவிட்டு அகல மறுக்கிறது.

இத்தனைக்கும் அவருக்கு உதவும் வழி நம் கையில்தான் இருந்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர்ச்சையைப் பற்றி என்ன சொல்கிறது? இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, ஆராய்ந்து, கட்டாயமின்றிக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதியே நேர்ச்சை என்கிறது 1191-ஆம் சட்டம். இயலாததை நேர்ந்தால் அது நேர்ச்சையே ஆகாது. தகுந்த காரணம் இருப்பின், பிறருடைய உரிமைக்குக் கேடு வராத வரையில், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு என்கிறது 1196. நேர்ந்தவர் தாமாகவே அதை ஈடான அல்லது அதனினும் மேலான வேறொரு நன்மையாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறது 1197. குருமடத்தில் இவற்றைப் படித்துத் தேர்வும் எழுதினோம். கோயில் முற்றத்தில் ஓர் ஏழைப் பெண் வெறுங்காலோடு வந்து நின்றபோது அந்தச் சட்டங்களில் ஒன்றுகூட நம் நினைவுக்கு வரவில்லை. "அம்மா, செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள், அதற்கு ஈடாக ஊரிலுள்ள ஆதரவற்ற முதியவர் இருவருக்கு ஒரு மாதம் மீன் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் மாதா கோபித்திருப்பாளா? பிள்ளை பெற்ற மகளுக்குத் துணையாகத் தாய் காலோடு திரும்பி வருவதைப் பெத்லகேமில் பிள்ளை பெற்றவள் விரும்பமாட்டாளா?

இப்படி எழுதுவது மக்களின் பக்தியைக் குளிர்விக்கும் என்று உடன்பணியாளர் சிலர் நம்மிடம் வருத்தப்பட்டதுண்டு. அவர்களுக்கு ஒரு விவிலியப் பகுதியை நினைவூட்டுகிறோம். பாலைநிலத்திலிருந்து ஆண்டவரை எருசலேம் கோயிலின் உச்சிக்குக் கொண்டுசென்ற அலகை, அங்கிருந்து குதிக்கச் சொன்னபோது மேற்கோள் காட்டியது எதை? கால் கல்லில் மோதாதபடி வானதூதர் தாங்கிக்கொள்வர் என்னும் திருப்பாடலை. வேறெந்த உறுப்பையும் விட்டுவிட்டுக் காலைப் பற்றிய வசனத்தை எடுத்திருக்கிறது பாருங்கள்! ஆயத்தமின்றிக் கிளம்பும் ஒவ்வொருவரின் வாயிலும் இருப்பது அதே வாதம்தான். ஆண்டவர் அதை ஏற்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்தார். புனித தாமஸ் அக்குவினாரும் இறையியல் தொகுப்பில் இதையே விளக்குகிறார்: தேவையோ பயனோ இல்லாதிருக்க, தன்னால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கடவுள் காப்பார் என்று ஆபத்தில் இறங்குகிறவன் கடவுளைச் சோதிக்கிறான். ஆக, நாம் பக்தி என்று மந்திரித்து அனுப்பியது பக்திக்கு எதிரான ஒரு பாவத்தின் எல்லையைத் தொட்டு நின்றிருக்கிறது.

எலியாவின் வரலாறும் இருக்கிறது. ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. அதற்கு முன் வானதூதர் வந்து செய்தது என்ன? மறையுரை ஆற்றவில்லை. களைத்துச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்திருந்தவரைத் தட்டி எழுப்பித் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி, மீண்டும் உண்ணச் செய்தார். பயணம் நெடியது என்பதே அவர் கூறிய காரணம். வானதூதருக்குத் தெரிந்த இந்த எளிய கணக்கு நம் நடைக்குழுச் செயலாளர்களுக்குத் தெரியாமற் போனது எப்படி?

பையும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்று ஆண்டவர் சீடரை அனுப்பவில்லையா என்று விவிலியம் அறிந்த இளைஞர் ஒருவர் நம்மை மடக்கப் பார்த்தார். நல்ல கேள்வி. மத்தேயுவில் மிதியடியும் வேண்டாம் என்றிருக்கிறது, மெய்தான். மாற்கு ஆறாம் அதிகாரத்தைப் புரட்டினால் கைத்தடிக்கும் மிதியடிக்கும் இசைவு தரப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் இணக்கப்படுத்த விரிவுரையாளர்கள் பட்ட பாடு தனிக்கதை. அதற்கு இங்கே இடமில்லை. இறுதி இராவுணவின்போதோ, பணப்பை உள்ளவர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று லூக்காவில் ஆண்டவரே மாற்றிச் சொல்கிறார். தவிர, சீடர் சென்றது ஊர் ஊராகத் தங்கி நற்செய்தி அறிவிக்க. தேசிய நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகளுக்கு நடுவே நடக்க அன்று.

நம் மண்ணில் நடந்தவர்களையே எண்ணிப் பார்ப்போம். 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் புன்னைக்காயலுக்கும் மணப்பாட்டுக்கும் இடையே இந்த மணலை எத்தனை முறை மிதித்திருப்பார்! 1544 ஜூன் மாதத்தில் வடுகர் படைக்கு அஞ்சிய குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். சவேரியார் செய்தது என்னவென்று மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். காற்று எதிர்த்தது, தோணிகள் முன்னேறவில்லை. பின்னர்த் தரைவழியே சென்று அம்மக்களைச் சேர்ந்தார். புனிதர் முதலில் தேடியது தோணியை. அது பலிக்காதபோது நடந்தார். யாருக்காக நடக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பெயரால் கொடி பிடிக்கும் நாம் தோணியையும் மறந்தோம், பாறைமேல் காத்திருந்தவர்களையும் மறந்தோம்.

அயலாரிடம் கற்பதிலும் நமக்கு வெட்கம் வேண்டாம். காயல்பட்டினம் இஸ்லாமியப் பெருமக்களின் ஊர். திருச்செந்தூர் முருகனைப் பாடிய அருணகிரியாரின் சந்தத்திலேயே நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் ஊர். ஒருவர் இறைவழிபாட்டின் அழகை மற்றவர் கண்டுகொள்ளத் தெரிந்த மண் இது. இங்கிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் எப்படி ஆயத்தமாகிறார் என்பதை நாம் அருகிருந்து கண்டிருக்கிறோம். அப்பயணம் இயலுமானவருக்கே கடமை. வழிக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுமாறு அவர்களுடைய திருமறையே பயணிகளுக்குச் சொல்கிறது. கடனை அடைக்கிறார். திரும்பும்வரை குடும்பத்துக்கு வேண்டிய செலவுக்கு வழி செய்கிறார். பயிற்சி வகுப்புக்குப் போகிறார். உற்றாரிடமும் அயலாரிடமும் சென்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கிறார். நமக்குப் பழக்கமான வணிகர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் விலைபேசுகையில் தம்மோடு சச்சரவிட்ட மீனவர் ஒருவரைத் தேடி நம் குடியிருப்புக்கே வந்து கைகளைப் பற்றிக்கொண்டு நின்றார். அந்த மீனவர் நம் பங்கு மகன். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடப்பவர். உடன்பிறந்த தம்பியோடு வலைப்பங்குத் தகராறில் பேச்சை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனவர்.

சபரிமலைக்குச் செல்வோர் 41 நாள் விரதம் காக்கிறார்கள். திருச்செந்தூருக்கு நடப்போரும் மாலையணிந்து நோன்பிருந்தே கிளம்புகிறார்கள். நமக்கு? காவி வேட்டி வாங்குகிறோம். குழுப்பெயர் அச்சிட்ட பனியன் வாங்குகிறோம். வண்டி, ஒலிபெருக்கி, மின்னாக்கி, மாதா சப்பரத்துக்கு விளக்கு ஆகியவற்றுக்கு வரி பிரிக்கிறோம். கூட்டங்கள் நான்கு நடக்கின்றன. நான்கிலும் வரவு செலவே பேசப்படுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருவோரோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகச் சொன்ன ஆண்டவர், நடையையும் அந்தக் காணிக்கைக்குள் அடக்கித்தான் சொன்னார் என்று நாம் நம்புகிறோம். தம்பி வீட்டு வாசலுக்கு இருபது அடி. அந்த இருபது அடியை நடக்காதவருக்கு முந்நூறு கிலோமீட்டர் எதற்கு?

சாலையைப் பற்றியும் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் தஞ்சாவூர் – திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்து சென்றவர்கள்மீது அதிகாலையில் சரக்கு வாகனம் மோதி உயிர்கள் பறிபோயின. அவர்கள் எந்தத் தாயை நாடிச் சென்றார்கள் என்று அந்த வாகனம் பார்க்கவில்லை. நம்மவர் குழுக்களோ வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் நடக்கின்றன. சாலையை அடைத்து நால்வர் ஐவராகக் கைகோத்து நடக்கின்றன. போக்குவரத்துக்கு முதுகு காட்டி இடப்புறம் நடப்பவர் பின்னால் வரும் வண்டியை எப்படிக் காண்பார்? வலப்புற ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க இறையியல் பட்டம் தேவையில்லை. பழனிக்கு நடப்போருக்குத் தைப்பூசக் காலத்தில் காவல்துறையினர் ஒளிரும் பட்டைகளை ஒட்டி அனுப்புகிறார்களே, நம் குழுக்களுக்கு அதை நாமே வாங்கிக் கொடுத்தால் என்ன?

ஒலிபெருக்கியையும் விட்டுவிட முடியவில்லை. கீழக்கரை, தொண்டி, கோட்டைப்பட்டினம், முத்துப்பேட்டை என நம் வழியெல்லாம் பள்ளிவாசல்கள் உள்ள ஊர்கள். தொழுகை நேரத்தில் அந்தத் தெருமுனையில் நம் பாடல்வண்டி அலறிக்கொண்டு போவது எவ்வகைச் சாட்சியம்? தண்ணீர் கேட்டால் குடத்தோடு கொண்டுவந்து ஊற்றும் வீடுகள் அவை. குடித்துவிட்டு நெகிழிக் குவளையை அவர்கள் வாசலிலேயே எறிந்துவிட்டு வந்தவர்களையும் நாம் அறிவோம். 2025 யூபிலி ஆண்டை அறிவித்த ஆணைமடலில், கால்நடையாகச் செல்லும் திருப்பயணம் மௌனத்தின், உழைப்பின், எளிமையின் மதிப்பை மீட்டுத்தருகிறது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சொல்லியிருந்தார். மின்னாக்கியின் இரைச்சலில் எந்த மௌனத்தை மீட்கப் போகிறோம்?

குறை சொல்லி முடித்துவிட்டால் போதாது. முதன்முறை நடப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து ஆகஸ்டு 15-இல் கிளம்பினால், அவசரமின்றி நடந்து 29-ஆம் நாள் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரலாம். அப்படியானால் ஜூன் தொடக்கத்திலேயே கால்கள் பழகத் தொடங்க வேண்டும். முதலில் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம். சனிக்கிழமைதோறும் சற்றே கூடுதல். ஒரு மாதம் ஆனபின் வீரபாண்டியன்பட்டினம் வரை போய்வரலாம்; பின்னர் ஆலந்தலை. ஜூலைக் கடைசியில் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம். அது ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கே தங்கி மறுநாளும் நடந்தே திரும்ப வேண்டும். இந்த மறுநாள் நடைதான் உண்மையைச் சொல்லும். முதல் நாள் யாரும் நடந்துவிடுவார்கள். கடைசி வாரம் ஓய்வு.

புதுச் செருப்போ காலணியோ அணிந்து கிளம்புவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். குறைந்தது ஆறு வாரம் பழகியதாக இருக்கட்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்குமாதலால் சற்றே பெரிதாக, மாலை வேளையில் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. ஈரம் தங்காத காலுறை இரண்டு மூன்று இணை வேண்டும். கொப்புளம் எழுந்தால் தோலை உரிக்காதீர்கள். கழுவி, மூடிக் கட்டுங்கள். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்தால் வறட்சிக்கு மருந்தாயிற்று. வெளிச்சம் வந்தபின் தொடங்கிப் பத்து மணிக்குள் ஒரு நடை. வெயில் தாழ்ந்தபின் இருட்டும்வரை ஒரு நடை. அதற்குமேல் வேண்டாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்போர் மருத்துவரைக் காணாமல் கிளம்பவே கூடாது. நடையால் சர்க்கரை தாழும். மருந்தின் அளவை அவரே சொல்ல வேண்டும்.

இவற்றை எழுதும்போதே ஒரு முணுமுணுப்பு நம் காதில் விழுகிறது. சாமியார் விசுவாசத்தை விட்டுவிட்டு உடற்பயிற்சி ஆசிரியர் ஆகிவிட்டார் என்று. ஆகட்டும். வாக்கு மனிதர் ஆனார் என்று அறிக்கையிடும்போது அவருக்குக் கால்களும் இருந்தன என்றுதானே அறிக்கையிடுகிறோம்? அவர் சீடருடைய கால்களைக் கழுவித் துடைத்ததைப் பெரிய வியாழன் தோறும் நாமும் செய்து காட்டுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை பன்னிருவர் காலைக் கழுவுகிற குரு, நூறு பேர் காலைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நெடுஞ்சாலைக்கு அனுப்பலாமா?

நம் பங்கில் இப்போது ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்குள் பெயர் தர வேண்டும். பெயர் தந்தவரின் நோய்நொடியை நாம் தனியே கேட்டறிவோம். நேர்ச்சை இருந்தால் அதையும் கேட்போம். மாற்றத் தகுந்ததை மாற்றுவோம், விலக்கத் தகுந்ததை விலக்குவோம். மணப்பாட்டு நடையை முடிக்காதவர் அவ்வாண்டு பேருந்தில் வரலாம்; பேருந்தில் வருபவருக்கும் அதே ஆசீர்தான். குழுவுக்கு ஒலிபெருக்கி இல்லை. பகையோடிருப்பவர் கொடியைத் தொடக்கூடாது என்றொரு விதியையும் சேர்க்க நினைத்தோம். பங்குப்பேரவையில் அதற்குத்தான் மிகுந்த எதிர்ப்பு. கொடி பிடிக்க ஆளே இருக்காது என்றார் ஒருவர். அவ்விதி நிலுவையில் இருக்கிறது. நாமும் விடுவதாக இல்லை.

இவ்வாண்டுப் பட்டியலில் முதல் பெயர் அந்த அம்மாவுடையது. நடக்கப் போவதில்லை, தண்ணீர் வண்டியில் வருகிறார். மாலைதோறும் தங்குமிடத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொருவர் உள்ளங்காலையும் பார்க்கும் வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்டோம்.

"வலிக்கவே இல்லை என்று சொல்கிறவளைத்தான், சாமி."